ஒட்டகத்தின் கீழே இரண்டு வரி

அண்ணை, எழுத்துகள் கோணலாகக் கிடக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. ஆனாலும் எழுதுவது நான்தான். வாசிகசாலை முதியோர் வகுப்புக்குப் போகத் தொடங்கி ஒரு வருடம். போன கிழமை பஸ் பலகையில் ‘புல்மோட்டை’ என்று நானே வாசித்த சந்தோசத்தில், அங்கே ஒரு வேலையும் இல்லாமல் ஏறிவிட்டேன்.

உங்களுடைய முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த அன்று, நீங்கள் தபால் முத்திரை ஒட்டிச் சேர்த்த கொப்பியை அண்ணி என்னிடம் தந்தார். திறந்தால் பூச்சி உருண்டை வாசம். உங்கள் சேர்ட்டிலும் அதே வாசம்தான். யானை, மான், மீன்கொத்தி எல்லாம் பக்கம் பக்கமாக நிற்கின்றன. முன்பு படம் மட்டும் பார்ப்பேன். இப்போது உங்கள் பென்சில் எழுத்தையும் வாசிக்க முடிகிறது. அதுதான் வினையாகிவிட்டது. முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்: ‘பல் கெட்ட முத்திரை இதில் வைப்பதில்லை.’

முத்திரையின் ஓரத்தில் வரிசையாக நிற்கிறதே, அதுதான் பல் என்று வகுப்பு ரீச்சர் சொன்னபோது, கொப்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

துறைமுகத்தில் நான் மூட்டை இறக்கிய காலம். கப்பல்காரர் எறியும் கடித உறைகளைப் பொறுக்கி, மிருகப் படம் உள்ள முத்திரையை நீங்கள் வேலை பார்த்த கந்தோருக்குக் கொண்டுவருவேன். முதலில் தந்தது ஒட்டகம். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டீர்கள்.

“ஆர் இதை வெட்டினது?”

“நான்தான் அண்ணை. ஓரமெல்லாம் எலி அரிச்ச மாதிரிக் கிடந்தது. கத்தரிக்கோலாலை வடிவா வெட்டிப்போட்டன்.”

“ஓம், வடிவாத்தான் கிடக்கு. நீர் ஒரு சலூன் திறக்கலாம்.”

சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நம்பி, பிறகு கொண்டுவந்த எல்லாவற்றையும் வெட்டித்தான் தந்தேன். கரடி, வரிக்குதிரை, ஆமை, ஒன்றும் தப்பவில்லை. ஒருநாள்கூட நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. படிக்காதவன் என்று பாவம் பார்த்தீர்களா? நான் போன பிறகு கந்தோரில் என் கதையைச் சொல்லிச் சிரித்தீர்களா?

ஒட்டகத்தின் கீழே இரண்டு வரி இருக்கிறது. மூன்று நாளாக அதன்மேல் விரலை வைத்துக்கொண்டுதான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். இன்று காலை விரலை மெல்ல நகர்த்தி, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன்.

‘ஒட்டகம். பல் இல்லை.
நல்லது கிடைத்தாலும் மாற்றுவதில்லை.’

இரண்டு தரம் வாசித்தேன். பிறகு உரத்து ஒரு தரம். கொப்பியை மூடிவிட்டேன்.

கரடிக்குக் கீழே ஐந்து வரி எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு நீளம், ஏச்சாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. இன்றைக்கு ஏலாது அண்ணை. அடுத்த கிழமை வாசித்துவிட்டு, என்ன எழுதியிருந்தீர்கள் என்று உங்களுக்கே எழுதுகிறேன்.