அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவில்லை

சேசு மரி சூசை துணை

போபால்,
8 நவம்பர் 1998

அன்புத் தம்பி க்ளெனுக்கு,

அக்கா ஐரின் எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மெர்லினும் குழந்தை ஸ்டெஃபியும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். பெங்களூரிலிருந்து நான் நேற்று முன்தினம் வந்து சேர்ந்தேன். வழியில் ஒரு குறையும் இல்லை.

நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. நீ எழுதியபடி இரண்டு டிக்கெட்தான் எடுத்திருந்தேன். அவருடையதை ரத்து செய்துவிட்டேன். உடனே போனை எடுத்து என்னைத் திட்டாதே. இதைப் போனில் சொல்ல என்னால் முடியாது, பாதியில் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம். கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

ஆஸ்டின் டவுன் வீட்டில் ஓடு மாற்றியிருக்கிறார்கள், இந்த மழைக்கு ஒழுகவில்லை. சந்து முனையில் எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தமயந்தி தீபாவளிக்குத் தட்டு நிறையப் பலகாரம் கொடுத்தாள். உன்னை இன்னும் "குட்டி க்ளென்" என்றுதான் சொல்கிறாள், உனக்கு முன் வழுக்கை விழுந்த கதை அவளுக்குத் தெரியாது. அப்பா இளைத்திருக்கிறார், ஆனால் சட்டை மடிப்புக் கலையாமல்தான் போடுகிறார். காலைப் பூசைக்கு ஒரு நாளும் தவறுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் உப்புக் குறைவு என்று என்னையே குற்றம் சொன்னார். நடை மட்டும் மெதுவாக இருந்தது. வயது என்று விட்டுவிட்டேன்.

போபாலுக்கு வாங்க என்று நான் சொன்னபோதெல்லாம் ஒரே பதில்தான். கல்லறைத் திருநாள் முடியட்டும். அம்மாவின் கல்லறைக்கு அவர் கையாலேயே சுண்ணாம்பு அடிப்பார், வேறு யாரையும் தொட விடமாட்டார், உனக்குத் தெரியும். சரி, அதுவரை இருந்து, முடிந்ததும் கையோடு கூட்டிக்கொண்டு போகலாம் என்று பள்ளிக்கூடத்தில் லீவை நீட்டினேன்.

திருநாளுக்கு முந்தின நாள் சுண்ணாம்பு வாளியும் அடிக்கிற மட்டையுமாகக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம், ராஜேந்திரன் ஆட்டோவில் போய் வந்துவிடுகிறேன் என்று போய்விட்டார். திரும்பி வந்தபோது கையெல்லாம் சுண்ணாம்பு, முகமெல்லாம் சந்தோஷம். உங்க அம்மா இப்ப பளிச்சுனு இருக்கா என்றார்.

மறுநாள் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். அவர்தான் முன்னால் நடந்தார். நம் கணக்கு உனக்கும் ஞாபகம் இருக்கும். வாசலிலிருந்து நேராகப் போய், பெரிய தூங்குமூஞ்சி மரத்தில் இடது பக்கம் திரும்பினால் மூன்றாவது அம்மா. அந்த மரம் ஆகஸ்ட் மழையில் விழுந்துவிட்டதாம், அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள். அப்பா அடுத்த மரம் வரை நடந்தார். அதில் திரும்பினார். மூன்றாவது கல்லறை முன்னால் முழங்காலிட்டார். வெள்ளை வெளேரென்று இருந்தது. சிலுவையில் எழுதியிருந்த பெயர் லூர்துசாமி.

க்ளென், அம்மாவின் கல்லறை நாங்கள் தாண்டி வந்த வரிசையில் புல் மூடிக் கிடந்தது. அப்பா இங்கே பூவைப் பரப்பி, தலைமாட்டில் மெழுகுவர்த்தி நட்டு, பியாட்ரிஸ் என்று அம்மா பெயரைச் சொல்லி ஜெபம் செய்துகொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் முழங்காலிட்டு ஆமென் சொன்னேன். வேறு என்ன செய்ய?

அதற்குள் அந்தக் கல்லறைக்குச் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். வயதான ஒரு அம்மாள், கூட அவர் மகள். தன் கணவருக்கு யார் சுண்ணாம்பு அடித்தது என்று அந்த அம்மாள் ஆச்சரியமாகக் கேட்டார். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் ஒரு நொடி செத்துப்போனது. ஆனால் நம் அப்பா ஆம்ப்ரோஸ் விடுவாரா? கவனிக்க ஆள் இல்லாத கல்லறை மாதிரித் தெரிந்தது, பாவமாக இருந்தது, அதனால் இதையும் சேர்த்துச் செய்தேன், எங்களுடையது அடுத்த வரிசை என்று சொல்லிவிட்டு எழுந்தார். அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு நான் அப்பாவின் முழங்கையைப் பிடித்து அம்மாவிடம் கூட்டிப்போனேன். இருந்த மிச்சப் பூவைப் புல்லின் மேல் வைத்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பார்க்கவே தெரிந்தது. தண்ணீர் ஊற்றும்போது டம்ளருக்குள் விரலை விட்டுக்கொள்கிறார். பேப்பரை மடியில் விரித்துக்கொண்டு ரேடியோ செய்தி கேட்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனுஷன், நானும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மறுநாள் ஒரு தந்திரம் செய்தேன். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், துணைக்கு வாங்க என்று, எந்த டாக்டர் என்று சொல்லாமல், பக்கத்திலேயே இருக்கும் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். உள்ளே நுழைந்ததுமே அங்கிருந்த நர்ஸ், வாங்க ஆம்ப்ரோஸ் சார், சொட்டு மருந்து தீர்ந்துடுச்சா என்றாள். தம்பி, அவர் அங்கே வருஷக்கணக்காகப் போய்வருகிறார். கண்ணில் பிரஷராம். ஒரு கண் முழுதாகப் போய்விட்டது. இன்னொன்றில் நேர் எதிரே இருப்பது மட்டும் கொஞ்சம் தெரிகிறது, பக்கங்களில் ஒன்றும் கிடையாது. போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கலாம், எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அந்த மருந்தைக் காலையும் மாலையும் ஊற்றுவது தமயந்தி. எனக்கு வந்த கோபத்தில் அவள் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவள் அழுதுகொண்டே, மாமா சாமி படத்து மேல சத்தியம் வாங்கினாரு, நான் என்னக்கா பண்றது என்றாள். அவளுக்கு மட்டுமா தெரியும்? மளிகைக் கடை அர்ஜுனனுக்குத் தெரியும், ஆட்டோ ராஜேந்திரனுக்குத் தெரியும், கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளைக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் தெரிந்தது பெற்ற பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

ஏன் மறைத்தீங்க என்று அப்பாவைக் கேட்டேன். கத்தித்தான் கேட்டேன். அவர் கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, கைலியின் ஓரத்தை மடித்து மடித்து விட்டபடி சொன்னார்: "சொன்னா கூட்டினு போயிடுவீங்க. அங்க வந்தா நான் கண்ணு தெரியாத கெழவன்மா. பாத்ரூம் எங்கன்னு செவுத்தத் தடவினு இருப்பேன். இங்க நான் ஆம்ப்ரோஸ்."

அதற்கு மறுநாள் காலை பூசைக்கு அவர் பின்னாலேயே நடந்து போனேன், அவருக்குத் தெரியாமல். கடை வாசலில் அர்ஜுனன் சைக்கிளை நகர்த்தி வைத்துவிட்டு, வாங்க மாமா என்று குரல் கொடுத்தான். குழாயடியில் பெண்கள் குடங்களைச் சுவரோரம் ஒதுக்கினார்கள். ரோட்டைத் தாண்டும் இடத்தில் ராஜேந்திரன் ஆட்டோவைக் குறுக்கே நிறுத்தி, அவன் பங்குக்குக் கன்னடத்தில் வாங்க சொன்னான், பன்னி சார், பன்னி என்று. இவர் ராஜா மாதிரி வணக்கம் சொல்லிக்கொண்டே போனார். கோயிலில் அவர் பெஞ்சில், அவர் இடத்தில், யாரும் உட்காரவில்லை.

இங்கே எங்கள் குவார்ட்டர்ஸ் மூன்றாவது மாடி. நானும் உன் மச்சானும் வேலைக்குப் போய்விட்டால் பேசத் தமிழ் தெரிந்த ஒரு ஜீவன் கிடையாது. அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. நான் செய்தது சரியா என்று தெரியாது. அடுப்பு நினைவு வருகிறது, குளியலறை ஈரம் நினைவு வருகிறது. போன் அடித்தால் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுக்கிறேன். சனிக்கிழமைதோறும் தமயந்தி வீட்டுக்குப் பேசுவதாக ஏற்பாடு. கோடை விடுமுறைக்கு நான் போய்விடுவேன். உனக்கு வேறு யோசனை இருந்தால் எழுது, ஆனால் அவரைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யாதே.

கிளம்பும் நாளில் எப்போதும் ஸ்டேஷனுக்கு வருவார் அல்லவா? இந்த முறை வரவில்லை. மத்தியானமே, பெட்டியைக் கட்டுவதற்கு முன்பே, வாசல்படிக்குக் கூப்பிட்டார். வெயில் என் முகத்தில் விழுகிற மாதிரி தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். முகத்துக்கு நேரே வந்து நின்று பார்த்தார். நெற்றி, கண், வாய் என்று மெதுவாக, ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் கட்டை விரலால் நெற்றியைத் தேடிச் சிலுவை போட்டார். "நரை வந்துடுச்சே பாப்பா" என்றார். அதோடு நிற்காமல், க்ளெனுக்கும் வந்திருக்கும் இல்ல என்று கேட்டார்.

நீ வந்து நான்கு வருஷமாகிறது. லீவு கிடைப்பதில்லை என்பதும் உண்மை, உன் கல்யாணத்தின்போது நீயும் அப்பாவும் பேசிய பேச்சு இன்னும் உன் மனதில் கிடப்பதும் உண்மை. அதையெல்லாம் நான் இப்போது கிளறவில்லை. ஸ்டெஃபியின் போட்டோவை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், பார்த்துவிட்டு உங்க அம்மா ஜாடை என்கிறார். உண்மையில் தெரிந்து சொல்கிறாரா, ஆசையில் சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

இந்த கிறிஸ்துமஸுக்கு வா. அடுத்த வருஷம் என்று சொல்லாதே. அவருக்கு ஒன்றும் வாங்கி வர வேண்டாம், குழந்தையைக் கொண்டு வா. உனக்கு விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, சண்டையும் போடாதே. வாசல்படியில் அவர் உன்னைத் திருப்பி நிறுத்துவார், பேசாமல் நில்.

ஆண்டவர் உன்னையும் உன் குடும்பத்தையும் ஆசீர்வதிப்பாராக. இருட்டிவிட்டால் அப்பாவுக்கு எதுவுமே தெரிவதில்லை. எந்த ஊர் வழியாக வந்தாலும் சரி, பகலில் வீடு வந்து சேருகிற மாதிரி டிக்கெட் எடு தம்பி.

உன் அன்பு அக்கா,
ஐரின்