எழுந்து போகப் போகிறவர்

செப். 1, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மாவு பொங்கி ஃப்ரிட்ஜ் தட்டெல்லாம் நாசம். துடைத்தேன்.

நர்ஸிங் ஹோமை மூடி மூன்று மாதம். டாக்டருக்கு ஓய்வெடுக்கிற வயது. எனக்கு ஓய்வெடுக்கிற வயதும் இல்லை, வேலை தேடுகிற வயதும் இல்லை. ஐம்பத்திரண்டு.

மகள் நித்யா லேப்டாப்பும் கையுமாக: "அம்மா, உனக்கு என்ன நல்லா வரும்? சொல்லு, பயோடேட்டால போடறேன்." ரசம் நன்றாக வரும். அதைப் போட முடியாதாம்.

இருபது வருஷத்துக்கு மேல் ரிசப்ஷனில் என்னதான் செய்தேன்? நாற்காலியில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தேன். "அத யார் வேணா பண்ணலாம்" என்று நானே சொன்னேன். சொன்ன பிறகு மனசு கஷ்டமாகிவிட்டது.

போன மாதம் அடையாறில் கேக் வகுப்பு. என் கேக்கைத் தெரு நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

புதன் முதல் வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆபீஸ் வேலை. எதிர்வீட்டு சரோஜா சொல்லி வைத்தது. மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் முடிவாம்.

செப். 3, புதன்

மந்தைவெளியில் மெட்ரோ பள்ளம். பஸ் ஊர்ந்தது. உட்கார இடமில்லை.

மண்டப முதலாளி திருநெல்வேலிக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் எனக்கும் அண்ணாச்சி.

வேலை: போன் எடுப்பது, எந்தத் தேதி காலி என்று சொல்வது. முதல் போனிலேயே "பேஷண்ட் பேர் சொல்லுங்க" என்றேன். அந்தப் பக்கம்: "மாப்பிள்ளை பேரா கேக்கறீங்க?" நல்ல மனுஷன்.

சாயங்காலம் அதைவிட மோசம். மண்டபம் பார்க்க வந்த ஓர் அம்மாவை வாசல் வரை கொண்டுவிட்டு, "சரிங்க, உடம்பப் பாத்துக்கோங்க" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "நல்ல காரியத்துக்கு வந்துருக்கோம். போயிட்டு வாங்கன்னு சொல்ல வாய் வரலியா?"

நர்ஸிங் ஹோமில் யாரையும் "வாங்க" என்று சொல்லி அனுப்பக் கூடாது. வியாதியோடு மறுபடி வா என்பது போல ஆகிவிடும். வாய் பழகிப்போச்சு. அண்ணாச்சி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். புக்கிங் நோட்டைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

நித்யாவிடம் "நல்லாத்தான் போச்சு" என்றேன்.

செப். 4, வியாழன்

விடியலில் தூறல். முகூர்த்தம். மண்டபம் நிரம்பி வழிந்தது.

தாலி கட்டியாயிற்று. இரண்டாம் பந்தி நடக்கிறது. ஆபீஸ் கண்ணாடி வழியாக ஹால் முழுக்கத் தெரியும். ஒருவர் காபி ஆறிவிட்டது என்று கத்திக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிப் பத்துப் பேர். எனக்கு அவரைப் பற்றிக் கவலை இல்லை. கத்துகிறவர் காத்திருப்பார்.

கடைசி வரிசையில் இன்னொருவர். காலையில் மாப்பிள்ளைக்கு மாலை போட்ட தாய்மாமன். துண்டை மடித்து மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்து, வாசலையே பார்த்துக்கொண்டு. அப்படி உட்காருகிறவர்களை எனக்கு நர்ஸிங் ஹோமிலிருந்தே தெரியும். யாரிடமும் சொல்லாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். நிஜமாகவே முடியாதவர்கள் அவர்கள்தான். டோக்கன் வரிசையை மீறி அவர்களைத்தான் முதலில் உள்ளே அனுப்புவேன். டாக்டர் ஆரம்பத்தில் திட்டினார். அப்புறம் விட்டுவிட்டார்.

ஹாலுக்குப் போனேன்.

"சாப்டீங்களாய்யா?"

"ஆச்சும்மா. பசியில்ல."

ஆச்சு என்றும் பசியில்லை என்றும் ஒரே மூச்சில். புரிந்துவிட்டது. பெண் வீட்டார் ஒருத்தரும் வந்து கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் இன்னும் கெட்டுவிடும். மண்டபத்து ஆள் கூப்பிட்டுப் போய் உட்கார அவர் என்ன சோற்றுக்கா வந்தார்?

பெண்ணின் அப்பா மேடையில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். நேரே மேடை ஏறிக் காதில் சொன்னேன். மனுஷன் விழுந்தடித்து ஓடினார். மாமன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இலைல உக்காராம எங்களுக்கு எப்படி சோறு எறங்கும்? தப்பு எங்க மேலதான். வாங்க, வாங்க."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அப்பளம் இரண்டு தரம் கேட்டு வாங்கினார். பந்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏனோ கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான்.

பரிமாறுகிற மணி: "இன்னாக்கா, அங்க போன் அட்ச்சிக்கினே கீது, நீ இங்க நின்னுகினு கீற?"

ஓடினேன். அதற்குள் அண்ணாச்சி என் நாற்காலிக்குப் பக்கத்தில். "போனு அடிச்சுக்கிட்டே கெடக்கு, ஆளக் காணோம். இதுக்கா ஒங்கள வச்சிருக்கேன்?" நாளையோடு கணக்குத் தீர்ந்தது.

இரவுச் சாப்பாடு: தயிர் சாதம். நித்யா முகத்தைப் பார்த்துவிட்டு ஊறுகாய் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள்.

செப். 5, வெள்ளி

வெயில். கோயில் கூட்டம். நல்ல புடவையே கட்டிக்கொண்டு போனேன். போகச் சொன்னாலும் கௌரவமாகப் போகலாமே.

அண்ணாச்சி உட்காரச் சொன்னார். பெண்ணின் அப்பா காலையிலேயே போன் செய்தாராம். "அந்த மாமன் சாப்பிடாமப் போயிருந்தா, அந்தப் புள்ள மாமியா வீட்டுக்குப் போயி காலம் பூரா பேச்சு கேக்கணும். ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பாத்தா தெரியும் அண்ணாச்சி" என்றேன்.

"எனக்குத் தெரியலயே."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. எல்லோருக்கும் தெரியும் என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்! எங்கிருந்து தைரியம் வந்ததோ, "போனுக்கு வேற யாரையாவது உக்கார வைங்க. நான் ஹால்ல நிக்கறேன்" என்றேன்.

"நிக்கதுக்கு யாராச்சும் சம்பளம் குடுப்பாவளா?" சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு காலண்டரைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம ஒரு காதுகுத்து. ரெண்டு சம்பந்திக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. வெள்ளனே வந்துருங்க."

வீட்டுக்கு வந்ததும் நித்யாவிடம் சொன்னேன். "அப்போ பயோடேட்டால என்னன்னு போடட்டும்?" என்றாள். இன்னும் தெரியவில்லை. யோசிக்கலாம்.

நாளைக்குப் பாண்டி பஜார் போய் நல்ல செருப்பு வாங்க வேண்டும். என்னிடம் இருப்பதெல்லாம் உட்கார்ந்திருப்பதற்கு வாங்கியவை.