பக்கத்தைப் பிடித்த விரல்

ஜூன் 3, 2025, செவ்வாய்

முடித்துவிட்டேன்! மூன்றாவது தடவை! கரண்ட் இல்லை, கடையில் ஆளும் இல்லை. ஜெராக்ஸ் மிஷின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு போனில் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். உடனே மறுபடி முதல் பக்கத்துக்கே போய்விட்டேன். சத்தியமாக.

'பனி பார்க்கப் போனவன்.' இதைப் படிக்காமல் அரிமளத்தில் எல்லாரும் எப்படிச் சாதாரணமாக டீ குடித்துக்கொண்டு திரிகிறார்கள்? உப்பளத்தில் வேலை பார்க்கிறவன் சேவுகன். இதே மாதிரி வெள்ளையாக, ஆனால் காலைச் சுடாமல் ஒன்று இருக்காமே என்று ஒருநாள் பனியைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறான். லாரியில் கிளீனர், ஓட்டலில் மாவாட்டுகிற வேலை, ரோடு போடுகிற வேலை என்று வடக்கே, இன்னும் வடக்கே. கடைசியில் ஒரு மலையடிவாரத்தில் லாரியை நிறுத்தி டிரைவர் கேட்கிறார், "எறங்குறியா, வாரியா?"

அவ்வளவுதான். நாவல் முடிந்தது! பதிலே கிடையாது!! அது சேவுகனைக் கேட்ட கேள்வியா? இல்லை, நம்மைக் கேட்டது!

யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். கடை ஓனர் வெள்ளைச்சாமி அண்ணனிடம் சொன்னேன். "பனி பாக்க எதுக்குத்தா அம்புட்டுத் தூரம்? ஐஸ் பெட்டியத் தொறந்து பாக்கச் சொல்லு" என்றார்.

ஜூன் 7, சனி

நான் பேசப்போகிறேன்! நான்!!

டெலிகிராமில் 'பக்கம் மடிச்சவங்க' என்று எங்கள் வாசகர் குழு. அங்கே என் பெயர் உப்புக்காரி. பிரகதீஸ்வரி என்ற பெயரோ, நான் பிளஸ் டூவோடு நின்றுவிட்டதோ அங்கே யாருக்கும் தெரியாது. எல்லாரும் எம்.ஏ., ஐ.டி. என்று இருப்பவர்கள். ஒரு மாதமாக இந்த நாவலைத்தான் அத்தியாயம் அத்தியாயமாகப் பேசுகிறோம். கடைசி அத்தியாயம் அடுத்த ஞாயிறு, வாய்ஸ் சாட்டில். அட்மின் வசந்தகுமார் சென்னையிலிருந்து கேட்டார்: "முடிவப் பத்தி நீங்க பேசுறீங்களா உப்புக்காரி? நீங்கதான் இதுல ஊறிப்போன ஆளு."

ஊறிப்போன ஆளு!

இங்கே யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. கார்த்திகா கல்யாணமாகி சிங்கப்பூர் போனதோடு சரி, நான் அனுப்புவதற்கெல்லாம் நீல டிக் மட்டும் விழும். ஒரு நாளில் நான் பேசுகிற பேச்சு முழுக்க, "ரெண்டு பக்கமுமாங்க? கலரா, கருப்பா வெள்ளையா?" இந்தக் குழுதான் எனக்கு ஆள். நன்றாகப் பேசிவிட்டால் உப்புக்காரிக்குக் கீழே ஒரு பொண்ணு இருக்கிறாள் என்று தெரியும். தெரிந்தால் போதும்.

ஜூன் 10, செவ்வாய்

தலைப்பு வைத்துவிட்டேன். 'கேள்வியோடு இறக்கிவிடும் நாவல்.' செம!

இந்த பி.டி.எஃப்.ஐ யார் ஸ்கேன் செய்தார்களோ? புத்தகம் இப்போது அச்சில் இல்லை, இந்த ஃபைல்தான் போன் போனாகச் சுற்றுகிறது. சில பக்க ஓரங்களில் ஒரு கட்டைவிரல் தெரியும். பாதி உரிந்த நீல நெயில் பாலிஷ். எங்கள் கடையில் இப்படி எடுத்தால் அண்ணன் விடமாட்டார். "வெரலு தெரியக்கூடாதுத்தா, ஆபீசுல திருப்பி அனுப்பிருவாய்ங்க."

எனக்கு என்னமோ அந்த விரலைப் பிடிக்கும். படித்துக்கொண்டே போகும்போது திடீரென்று வந்து, 'இருக்கியா?' என்று கேட்கிற மாதிரி.

ஜூன் 15, ஞாயிறு

மொட்டை மாடியில்தான் சிக்னல் கிடைக்கும். கீழேயிருந்து அம்மா, "ஆருட்டடி ஒத்தையில கத்திக்கிட்டுக் கெடக்க?" என்றது. கத்தத்தான் செய்தேன். அவ்வளவு சந்தோஷமாகப் பேசினேன். பதில் சொல்லாமல் முடிப்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும், போய்ச் சேருவது முக்கியமே இல்லை, இப்படியெல்லாம்.

முடித்தேன். ஒரு சத்தமும் இல்லை. நெட் போய்விட்டது என்று நினைத்தேன்.

பிறகு வசந்தகுமார் மெதுவாக, "நல்லாப் பேசுனீங்க. ஆனா... அதுக்கப்புறம் இன்னொரு அத்தியாயம் இருக்குங்க. சேவுகன் மேல போறான்" என்றார். அவரிடம் பழைய அச்சுப் புத்தகம் இருக்கிறதாம்.

ஒருத்தன் சிரித்தான். "பி.டி.எஃப். பார்ட்டியா நீங்க? இன்டர்வெல்லோட எந்திரிச்சு வந்து விமர்சனம் எழுதிட்டீங்களே!" அப்புறம் சிரிக்கிற ஸ்டிக்கர், அதுக்கு மேல ஸ்டிக்கர்.

நான் ஜெராக்ஸ் கடைக்காரி! பைண்டிங்குக்கு எது வந்தாலும் மொதல்ல பக்கத்த எண்ணிப் பாக்குறவ! கிரையப் பத்திரம், தீசிஸ், பஞ்சாயத்து ஃபைல் எல்லாத்தயும் எண்ணுனேன். உயிரா நெனச்ச புத்தகத்த மட்டும் எண்ணல. எப்புடி எண்ணாமப் போனேன்? மூணு தடவ படிச்சியேடி!

ஜூன் 16, திங்கள்

குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

யாரும் கேட்கவில்லை. 'ஏன் போனீங்க' என்று ஒரே ஒரு மெசேஜ்கூட.

அப்பா கத்தாரிலிருந்து கூப்பிட்டார். "நல்லா இருக்கியாத்தா?" "ம்." "கடைக்குப் போறியா?" "ம்." பின்னால் யாரோ தட்டு கழுவுகிற சத்தம். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். அவருக்கும் அங்கே பேச ஆள் இல்லையோ?

ஜூன் 27, வெள்ளி

அம்மா: "தொணதொணன்னு பேசுவ, இப்ப என்னடி வாயில கொழுக்கட்டையா?"

ஒன்றுமில்லை என்றேன்.

சேவுகன் மேலே போனானா? போய்? எனக்குத் தெரியவேண்டாம். தெரிந்தே ஆகவேண்டும். சீ.

ஜூலை 5, சனி

லீவு போட்டேன். "புதுக்கோட்டைக்கு என்னத்துக்கு?" என்றது அம்மா. "ஒரு கத பாதியில நிக்கிது, முடிச்சிட்டு வாரேன்." "கதையா? அப்ப வாரப்ப நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ வாங்கிட்டு வா."

நூலகத்தில் இருந்தது! உண்மையான புத்தகம். தடித்த அட்டை, தூசி வாசனை. கேள்வி இருக்கிற பக்கத்தைத் திருப்பினேன். பின்னால் நிஜமாகவே ஒரு அத்தியாயம்.

சேவுகன் அதே லாரியில் மேலே போகிறான். பனி இருக்கிறது. ஆனால் வண்டியும் ஆளும் மிதித்துச் சேறாகிப் போன பனி. ஓரத்தில் கொஞ்சம் வெள்ளையாகக் கிடந்ததைக் கையில் அள்ளுகிறான். உப்பளத்துப் பழக்கம், அள்ளியதை அப்படியே நாக்கில் வைத்துப் பார்க்கிறான். ருசியே இல்லை. அவனுக்குச் சிரிப்பு வருகிறது. "ஏலே, உப்பே இல்லடா" என்று சொல்லத் திரும்புகிறான். பக்கத்தில் யாருமில்லை. லாரியும் போய்விட்டது.

இதுதான் முடிவு.

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். என் முடிவு எவ்வளவு அழகாக இருந்தது. இது அழகாக இல்லை. ஆனால் எனக்கு இது தெரியும். இது எனக்கு நல்லாத் தெரியும்.

நூலகர் அம்மாவிடம் கேட்டேன், போட்டோ எடுக்கலாமா என்று. "எடுத்துக்கங்க, ஃப்ளாஷ் மட்டும் வேணாம்." போனைப் பிடித்தால் புத்தகம் மூடிக்கொள்கிறது. அமுக்கினால் விரல் விழுகிறது. எப்படிப் பிடித்தாலும் விழுகிறது. ஓரத்தில் என் கட்டைவிரல், நகக்கணுவில் ஜெராக்ஸ் டோனர் மையின் கருப்பு.

அப்போதுதான் புரிந்தது. பக்கத்தைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் இருந்தால் படத்தில் விரல் விழாது.

அந்த நீல நகக்காரியும் தனியாகத்தான் வந்திருக்கிறாள்.

கருவாடு மறந்துவிட்டேன். அம்மா ஏசியது.

ஜூலை 7, திங்கள்

கடையில் கம்ப்யூட்டரில் எல்லாப் பக்கத்தையும் நேராக்கினேன். விரலை அழிக்க ஒரு நிமிஷம் போதும். அழிக்கவில்லை. "வெரலு தெரியிதுத்தா" என்றார் அண்ணன். "தெரியட்டும்ணே."

லிங்க் வழியாகத் திரும்பக் குழுவுக்குள் போய் ஃபைலைப் போட்டேன். கீழே, "பி.டி.எஃப். பார்ட்டிகளுக்காக. மிச்ச அத்தியாயம். - உப்புக்காரி (பிரகதீஸ்வரி, அரிமளம்)."

வெளியே ஓடிவிடலாமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஒரு மெசேஜ்: "நானும் அந்த பி.டி.எஃப்.தான் படிச்சேங்க. அன்னைக்கு வாயத் தொறக்கல. மன்னிச்சுருங்க." அப்புறம் இன்னொன்று. அப்புறம் வரிசையாக. ஸ்டிக்கர் போட்ட ஒருத்தன்கூட, "எனக்கும் அந்த லாரியோடதான் முடிஞ்சுது" என்றான்.

அன்றைக்கு நெட் போகவில்லை. எல்லாரும் அவரவர் போனில் கடைசிப் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்!

ஜூலை 9, புதன்

மத்தியானம் தனி மெசேஜ். செல்வராணி, குடுமியான்மலை. குழுவில் இருக்கிறாராம், ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

"விரல் தெரியிதுங்க. தனியாவா எடுத்தீங்க?"

ஆமாம் என்று போட்டேன்.

"புத்தகம் மூடிக்கிட்டே இருக்கும்ல."

அது மூடிக்கொள்ளும் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

ஒருவர் ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். "ரெண்டு பக்கமுமா?" என்று கேட்காமல் மிஷினை ஓடவிட்டுவிட்டு டைப் செய்தேன்: "அக்கா, நீல நெயில் பாலிஷா?"

அங்கிட்டு டைப்பிங் என்று காட்டுகிறது. நிற்கிறது. மறுபடி காட்டுகிறது.