பித்தளைச் சாவிக்கொத்து

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியமாக இருப்பதாக உன் அறைத்தோழி சொன்னாள். உன் வாயால் கேட்கும் பாக்கியம் இந்த வாரம் எனக்கு இல்லை. போனை எடுத்தால் அப்பா பின்னாலிருந்து கத்துவார் என்று எடுக்கவே மாட்டேன் என்கிறாய். கடிதம் கத்தாது, தைரியமாகப் படி.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை கொடுக்கப்போவதாகச் சொன்ன ராஜினாமாவைக் கொடுக்காதே. கொடுத்துத் தொலைத்திருந்தால் ஓடிப்போய்க் கையில் காலில் விழுந்தாவது திரும்ப வாங்கு. பெட்டி கட்டியிருந்தால் அவிழ்த்துவிடு. இதை எழுதச் சொன்னது யார் தெரியுமா? சாட்சாத் உன் அப்பாவேதான்! எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. சந்தோஷத்தில்தான், சர்க்கரை ஏறிவிட்டதோ என்று பதறாதே.

போன மாதம் நீ வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உனக்கு மறுபடி வலிப்பு வந்ததை நீ சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி ஞாபகம் இருக்கிறதா? அடிபட்டதா என்று கேட்கவில்லை. “கையில யாராவது இரும்பு கொடுத்தாங்களா?” என்றார். இல்லை என்று நீ சொன்னாய். அவ்வளவுதான், மாசக் கடைசிக்குள் வேலையை விட்டுவிட்டு வீடு வந்து சேர வேண்டும் என்று தீர்ப்பு. டாக்டர் அத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டு சொன்னாரே, இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையென்று. “அவருக்கு மாத்திரை தெரியும், இரும்பைப் பத்தி என்ன தெரியும்?” என்று ஒரே வரியில் அவரை ஊதித் தள்ளியவர் உன் அப்பா. நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். என் பேச்சு இந்த வீட்டில் என்றைக்கு எடுபட்டது?

அவர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். பஸ் நிலையத்து வாசலில் சாவிக்கடை வைத்திருப்பவருக்கு அது ஒரு கௌரவம். அந்தப் பக்கம் எவர் வலிப்பு வந்து விழுந்தாலும் ஜனங்கள் முதலில் ஓடி வருவது நம் கடைக்குத்தான். அதற்கென்றே பழைய இரும்புச் சாவிகளாகப் பொறுக்கி ஒரு கொத்து கட்டி, சுவரில் ஆணியில் மாட்டி வைத்திருந்தாரே. அதில் ஒரு சாவிக்காவது உலகத்தில் பூட்டு இருக்கிறதா? ஆனால் அதைத் துடைத்து எண்ணெய் போடுவார் பார், என்னைக்கூட அப்படிக் கவனித்ததில்லை.

இப்போது செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள்.

காலைச் சாப்பாடு கொடுக்கக் கடைக்குப் போயிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பையன், கல்லூரியில் படிக்கிற வயசு, இரண்டடி நடந்து அப்படியே சாய்ந்தான். கைகால் வெட்டி இழுத்தது. கண்டக்டர், “அண்ணே, சாவி! சாவி!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். அப்பா அறுத்துக்கொண்டிருந்த சாவியைப் போட்டுவிட்டு, கையில் கிடைத்த கொத்தை அள்ளிக்கொண்டு பறந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். கொத்தை அந்தப் பையன் கையில் திணித்து விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டார். டாக்டர் நமக்குச் சொல்லிக் கொடுத்தபடி நான் பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு என் பையை வைத்தேன். வாயில் கரண்டியை வைக்க வந்த ஒரு அம்மாவை விரட்டிவிட்டேன். என்னை யார் கவனித்தார்கள்? எல்லோர் கண்ணும் சாவியில்தான்.

கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. பையன் மலங்க மலங்க விழித்தான். “சாவிக்காரர் கை ராசியான கை” என்று ஒரே புகழ்ச்சி. உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைக்கு வந்தார். வந்து உட்காரவில்லை, லாட்ஜ் மேனேஜர் வந்து, அறைகளுக்குப் புதிதாக அறுக்கக் கொடுத்த சாவிகள் தயாரா என்று கேட்டார். பலகை மேல் தேடினால் காணோம். பையனிடமிருந்து திரும்ப வாங்கி வந்த கொத்தாக அவை அப்பாவின் கையில்தான் இருந்தன. நிமிர்ந்து பார்த்தேன். இரும்புக்கொத்து ஆணியில் ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது!

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவருக்கோ முகம் வெளுத்துவிட்டது. சிந்திய இரும்பு அரத்தூளை அள்ளுவதற்கு ஒரு காந்தம் வைத்திருப்பாரே, அதை எடுத்து லாட்ஜ் சாவிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. எல்லாம் சுத்தப் பித்தளை. அறுத்தவருக்கு அது தெரியாதா? தெரிந்தும் மறுபடி முதலிலிருந்து தொட்டார். மேனேஜர் பொறுமையிழந்து, “அண்ணே, சாவி திறக்கணும், ஒட்ட வேணாம்” என்று சொல்லிப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகாமல் கடையிலேயே இருந்துவிட்டேன். சாயங்காலம் கடையைச் சாத்தும்போது மெதுவாக, “அப்போ எப்படி நின்னுச்சு?” என்று கேட்டார். தானாகத்தான் நின்றது, அநேகமாகத் தானாகவே நின்றுவிடும் என்றுதானே டாக்டர் சொன்னார் என்றேன். பூட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். பிறகு கேட்டார் பார்: “அப்போ... நான் பக்கத்துல இல்லாட்டியும் நம்ம பொண்ணுக்கு நின்னுடுமா?”

இத்தனை வருஷமும் இந்த மனுஷன் எதைச் சுமந்துகொண்டு அலைந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. தன் கை எட்டாத இடத்தில் நீ விழுந்தால் எழுந்திருக்கவே மாட்டாய் என்று நினைத்திருக்கிறார். நான் அதை வெறும் பிடிவாதம் என்று நினைத்து எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். நின்றுவிடும், அவளைச் சுற்றி நல்ல மனுஷர்கள் இருக்கிறார்கள் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பூட்டோடு மல்லுக்கட்டினார். ஊருக்கெல்லாம் பூட்டு திறப்பவருக்குத் தன் கடைப் பூட்டைப் பூட்ட வரவில்லை.

மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் தானாகப் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். இப்போது அந்த ஆணியில் நம் கூடத்துச் சுவர்க்கடிகாரம் தொங்குகிறது. இனி யார் ஓடி வந்தாலும் சாவி கிடையாதாம். ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, அமுக்கிப் பிடிக்காதே, மணியைப் பார், ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று கண்டக்டருக்கும் டீக்கடைக்காரருக்கும் பாடம் எடுக்கிறார். கூடத்தில் எனக்கு மணி தெரியாமல் போனதைப் பற்றி யாருக்குக் கவலை?

அதோடு விட்டாரா? சாவியே பொய் என்றால் மற்றதெல்லாம் என்ன கதி என்று வீட்டிலேயே ஆராய்ச்சி ஆரம்பித்துவிட்டார். நேற்று மீன் சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் பால் குடித்தார். விடிந்ததும் கண்ணாடி முன்னால் நின்று உடம்பில் வெள்ளைத் திட்டு விழுந்திருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்து, இல்லை என்றதும் குழந்தை மாதிரிக் குதித்தார். இன்றைக்கு ஈரத் தலையோடு தூங்கப்போகிறாராம். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. நீயும் ஈரத் தலையோடு படுக்காதே. எந்த டாக்டர் என்ன சொன்னாலும் சரி, அது நிஜம்.

மாத்திரையை மட்டும் ஒரு வேளையும் விடாதே. உன் கழுத்தில் தான் கயிற்றில் கட்டிப் போட்ட இரும்புச் சாவியைக் கழற்றிவிடலாம் என்று அப்பா சொல்லச் சொன்னார். நீ அதை எப்போதோ கழற்றிவிட்டாய் என்பது போட்டோவைப் பார்த்தே எனக்குத் தெரியும். அவரிடம் நான் மூச்சு விடவில்லை. நீயும் விடாதே.

இந்த உறையை உன் ஊருக்கு வரும் அதே கண்டக்டரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே காகிதத்தில் சுற்றி ஒரு சாவி இருக்கும். நம் வீட்டு வாசல் கதவுச் சாவி. ஊரெல்லாம் சாவி அறுத்துக் கொடுத்தவர், உன்னைத் தனியாக விட்டால்தானே தேவைப்படும் என்று உனக்கு மட்டும் ஒன்று அறுக்காமலே இருந்தார். நேற்று அவராகவே உட்கார்ந்து அறுத்தார். பிசிறில்லாமல் தேய்த்து, நம் கதவில் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தார். என்ன சொல்லி அனுப்பட்டும் என்று கேட்டேன். “பித்தளைதான்னு சொல்லு” என்றார்.

நீ அங்கேயே இரு, கண்ணு. நன்றாக வேலை பார். எப்போது தோன்றுகிறதோ அப்போது வா, கதவைத் தட்டாதே, நீயே திறந்துகொண்டு வா. உள்ளே ஒருவர் அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நோய் நொடி அண்டாமல் நீ நீடூழி வாழ வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா