கல்லறையைச் சுற்றி உன் காதுகள்

அடேய் நண்பா,

இன்று காலை என் மனைவி பேத்திக்குத் தலை வாரிவிட்டுப் பவுடர் டப்பாவைத் திறந்தாள். வாசனை கூடத்துக்கு வந்ததும் நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். "பவுடருக்கெல்லாமா சிரிப்பாங்க?" என்றாள் அவள். மற்றவர்களுக்கு அந்த வாசனையில் குழந்தை ஞாபகம் வரும். எனக்குக் கல்லறை ஞாபகம் வருகிறது. அதற்கு நீதான் காரணம்.

எழுத்து தேய்ந்த கல்லில் முகப்பவுடரைத் தூவி உள்ளங்கையால் வழித்துவிட்டால், பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கிப் பெயரும் செதுக்கிய படமும் தெரியும் என்று கண்டுபிடித்தவன் நீ. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சனிக்கிழமைதோறும் என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாய். மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை பழைய மாதா கோயில் ஒன்றையும் நாம் விடவில்லை. ஊரில் வயதானவர்கள் கபாலி கோயிலைச் சுற்றினால் நாம் கல்லறையைச் சுற்றுகிறோமே என்று நான் அலுத்துக்கொள்வேன். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை உனக்கு முன்னால் நான் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பேன்.

நாம் தேடியது உன் தாத்தாவை. உன் அப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இறந்துபோனவர். கோயில் பாட்டுக் குழுவில் பிடில் வாசித்தவர், அவர் கல்லறையில் ஒரு பிடில் செதுக்கியிருக்கும் என்பதைத் தவிர உனக்கு வேறொன்றும் தெரியாது. உன் அப்பா விடுதியில் வளர்ந்தவர், சொந்தபந்தம் அறியாதவர். நீ அவருக்கு ஒரே பிள்ளை. கல்யாணமும் வேண்டாம் என்றுவிட்டாய்.

"இவ்ளோ நாள் இல்லாம இப்ப இன்னாத்துக்குடா தாத்தா?" என்று ஒருநாள் கேட்டேன். நீ கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "கல்லறைத் திருநாளுக்கு ஊர் சனமெல்லாம் அவங்கவங்க கல்லறையக் கழுவி, பூ போட்டு, மெழுகுவத்தி ஏத்துது. நான் பூட்டா எனக்கு யார்டா ஏத்துவா? தாத்தா கூடவாவது படுத்துக்கலாம்ல?"

"நான் ஏத்துறேன்டா," என்றேன்.

"நீயா? பொண்டாட்டி பொறந்த நாளையே மறந்தவன் நீ!"

அன்று நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் கல்லறைத் திருநாளை வட்டமிட்டு வைத்தேன்.

நம் கணக்கு இதுதான்: உங்கள் குடும்பத்தில் யாரும் மிச்சமில்லை, ஆகவே கவனிப்பாரற்றுக் கிடக்கும் கல்லறைதான் உன் தாத்தாவுடையது. பாசி பிடித்தது, புதர் மண்டியது, பிளந்து கிடப்பது என்று தேடித் தேடிப் பவுடர் போட்டோம். பளிச்சென்று சுண்ணாம்பு அடித்த கல்லறைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவற்றுக்குத்தான் ஆள் இருக்கிறதே!

சாந்தோம் பக்கத்துக் கோயிலுக்குக் கல்லறைத் திருநாளன்றே போகலாம், எந்தக் கல்லறைக்கு ஆள் வரவில்லை என்று பார்த்துவிடலாம் என்பதும் உன் யோசனைதான். சாமந்தியும் ஊதுவத்தியுமாகக் கூட்டம் நெரிந்தது. நீ ஆளில்லாத மூலையாகப் பார்த்து நடந்தாய். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு பின்னால் வந்தேன். வெள்ளை வெளேரென்ற ஒரு கல்லறையைச் சுற்றி ஒரு குடும்பமே நின்றது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பள்ளிக்கூடத்தில் நான் பிடித்துத் திருகாத நாளில்லை, உன் விடைத்த காதுகள் எனக்குத் தெரியாதா?

"டேய், அங்க பார்றா! எல்லார் தலையிலயும் உன் காது!"

நீ என்னைத் திட்டி முடிப்பதற்குள் அங்கிருந்த அம்மாள் திரும்பினார். நம் வயதுதான் இருக்கும். "யாருண்ணா நீங்க? எங்க தாத்தா கல்லறையையே பாத்துகினு கீறீங்க?"

"உங்க தாத்தா பிடில் வாசிப்பாரா?" என்று நான் கேட்டுவிட்டேன்.

அந்த அம்மாள் மாலையை ஒதுக்கி, நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினார். வருடாவருடம் அடித்த சுண்ணாம்பு, பட்டை பட்டையாக உதிர்ந்தது. அடியில் பிடிலின் கழுத்து தெரிந்தது. "எங்கம்மாவுக்கு ஒரு தம்பி. ஆஸ்டல்ல உட்டாங்க. அப்பால எங்க போனாருன்னே தெரியல. சாவுற வரிக்கும் சொல்லிகினே இருந்தாங்க," என்றார்.

"அது என் நைனா," என்றாய் நீ. சொல்லிவிட்டு அந்தக் கல்லறை மேலேயே உட்கார்ந்து அழுதாய். அவர்களும் அழுதார்கள். நானும்தான்.

வரும் வழியில் நான் உன்னைச் சும்மா விடவில்லை. "அத்தை பொண்ணுடா! அறுபது தாண்டி முறைப்பொண்ணு கெடைச்சிருக்கு, அதுவும் புருஷனோட!" நீ நடுரோட்டில் நின்று சிரித்தாய். அத்தனை சந்தோஷமாக உன்னை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் குழம்புக்கு உனக்கு வீடு இருந்தது. போன வருடம் நீ போனபோது அந்தக் குடும்பக் கல்லறையைத் திறந்து, நீ கேட்டபடியே தாத்தாவோடு உன்னை வைத்தார்கள்.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு, மறந்துவிட்டான் என்று நீ சொல்லிவிடக் கூடாதே என்று மெழுகுவத்தியோடு முந்திக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். உன் மேல் ஒரு மெழுகுவத்தி வைக்க இடமில்லை. அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் என்னைப் பார்த்து, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். உன் அத்தை மகள்தான் குரல் கொடுத்தார்: "இன்னா கேள்விம்மா அது? அவரு நம்ம அண்ணன். தள்ளு, வெக்கட்டும்."

எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக நகர்த்தி எனக்கு இடம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு இப்போது நான்தான் போகிறேன். உன் சொந்தக்காரர்களை மொத்தமாக எடுத்துக்கொண்டேன்டா. பொறுக்கவில்லை என்றால் எழுந்து வந்து கேள்.