எட்டடி ஏணி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? நான் நலம்.

மாணவக் கலைஞர்களுக்கான உதவித்தொகை என் நாடகத்துக்குக் கிடைத்துவிட்டது. எட்டடி ஏணியிலிருந்து மல்லாந்து விழுவேன், தோழிகள் நால்வர் பிடிப்பார்கள் என்று விண்ணப்பத்தில் பந்தாவாக எழுதியிருந்தேன். அதுவரை நாற்காலியிலிருந்துதான் விழுந்திருக்கிறேன். எழுதியதை மாற்றினால் உதவித்தொகை ரத்து. இருபதாம் தேதி நாலு மணிக்குத் தேர்வுக்குழு பார்க்க வருகிறது.

நேற்று ஐந்தாம் படியிலிருந்து விழுந்தபோது, பிடிக்க வேண்டிய ஒருத்தி தும்மிவிட்டாள். தோள் லேசாகக் கன்றியது, அவ்வளவுதான்.

"அன்னிக்கு மூக்கைப் பிடிச்சுக்கறேன்டி" என்றாள்.

"மூக்கை விட்டுட்டு என்னைப் பிடிடி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மாவிடம் சொல்லாதீர்கள். உங்கள் வலித் தைலம் ஒரு புட்டி அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கும், இருந்தாலும் அனுப்புங்கள்.

ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள். இருபதாம் தேதி ஐந்து மணிக்கு நானே பேசுகிறேன். போனைக் கையிலேயே வைத்திருங்கள், அப்பா.

உங்கள் மகள்