ஐந்து பேட்ரிக்குகளும் நானும்

பேட்ரிக் அண்ணா,

இன்று காலை பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்குப் போகும் வழியில் பேகல் கடையில் வண்டியை நிறுத்தினேன். கண்ணாடிக்குப் பின்னால் தட்டு நிறைய, வடை போல நடுவில் ஓட்டையுள்ள பச்சை பேகல் ரொட்டி. வேப்பிலையை அரைத்து விட்டுப் பிசைந்தது போல ஒரு பச்சை. மார்ச் பாதி வந்துவிட்டது, அயர்லாந்துக்காரர்கள் எல்லாவற்றையும் பச்சையாக்கிக் கொண்டாடும் புனித பேட்ரிக் திருநாள், நீங்கள் சொல்லும் பத்திரிசியார் திருநாள், வரப்போகிறது என்று அப்போதுதான் உறைத்தது. வருஷா வருஷம் இந்த வாரத்தில் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு வந்து எங்கள் கதவைத் தட்டுவீர்கள். "பத்திரிசியார் திருநாளுக்கு இவனுவ ரொட்டியச் சாயத்துல முக்கி எடுத்திருக்கானுவ, பாரும்மா" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். நான் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து, வண்டியில் உட்கார்ந்து அழுதேன். ரயிலும் போய்விட்டது.

பிளெய்ன்ஸ்பரோவில் நாங்கள் குடிவந்த புதிதில், கீழ்வீட்டுத் தபால் பெட்டியில் உங்கள் பெயரைப் பார்த்து யாரோ வெள்ளைக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வெள்ளைக்காரர் வீட்டிலிருந்து மீன்குழம்பு வாசம் மாடியேறி வந்தது. கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அப்படி ஒரு வாசம் பழக்கமே இல்லை. யாரென்று பார்த்துவிடலாம் என்று இறங்கி வந்தேன். லுங்கியும் ஸ்வெட்டருமாகக் கதவைத் திறந்தீர்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே, "தமிழா? உள்ள வாம்மா. ஸ்டெல்லா, இன்னொரு தட்டு எடு" என்றீர்கள். அன்று உட்கார்ந்தவள் பதினோரு வருஷம் உங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை அன்றைக்கே சொல்லிவிட்டீர்கள். தூத்துக்குடியில் உங்கள் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்த கன்னியாஸ்திரி அயர்லாந்துக்காரர். தாயும் பிள்ளையும் பிழைப்பது கஷ்டம் என்றிருந்த நேரத்தில் இருவரையும் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். அவர் தன் தம்பியை நினைத்து ஏங்குவதைப் பார்த்து, உங்கள் அம்மா அந்தத் தம்பியின் பெயரையே உங்களுக்கு வைத்துவிட்டார். முகம் தெரியாத ஓர் ஆளின் பெயரை வாழ்நாள் முழுக்க வைத்திருந்தீர்கள். அதைப் பெரிய பொறுப்பாக எடுத்துக்கொண்டீர்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். "ஒரே பேரை எத்தனையோ பேரு பொழங்குதோம்மா. ஒருத்தன் அழுக்காக்குனா எல்லாருக்கும்லா ஒட்டும்" என்பீர்கள்.

இந்த நாட்டுக்கு வந்த பிறகு அது உங்களுக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. உள்ளூர்ப் பேப்பரில் ஏதாவது ஒரு பேட்ரிக்கைப் பாராட்டிச் செய்தி வந்தால் போதும். ஊரிலிருந்து வந்த முந்திரி மக்ரூனை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, அவர் வேலை பார்க்கும் இடத்துக்கே போய் நின்றுவிடுவீர்கள். "என் பேரும் பேட்ரிக்தான். நீங்க செஞ்சது எனக்குப் பெருமையா இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு டப்பாவை நீட்டுவீர்கள். எனக்கென்றால் கூச்சத்தில் உயிர் போயிருக்கும். ஸ்டெல்லா அக்கா ஒரு தடவை, "கள்ளன் எவனும் பேட்ரிக்னு பேப்பர்ல வந்தா என்ன செய்வீய?" என்று கேட்டார். "அவனுக்கு ஒரு ஜெபமாலை சொல்லுவேன். அவனும்லா இந்தப் பேரை வச்சிருக்கான்" என்றீர்கள். அக்கா தலையில் அடித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

அப்படிச் சேர்ந்தவர்கள்தான் அந்த ஐந்து பேட்ரிக்குகள். எரிகிற வீட்டுக்குள் புகுந்து இரண்டு குழந்தைகளைத் தூக்கி வந்த தீயணைப்பு கேப்டன். தான் தண்டனை கொடுத்த பையன்கள் வெளியே வந்ததும் அவர்களுக்கு வேலை தேடி அலைகிற நீதிபதி. யாரும் மதிக்காத ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்களைச் சேர்த்துக் கூடைப்பந்தில் மாநிலக் கோப்பை வாங்க வைத்த கோச். ட்ரென்டன் சர்ச்சில் ட்ரம்பெட் வாசிக்கிற கறுப்பினத்துக்காரர். அவர் வாசித்தால் பிரசங்கத்துக்குத் தூங்கியவர்கள்கூட எழுந்து நின்றுவிடுவார்கள். ஐந்தாவது ஆள் நீங்கள் வேலை பார்த்த மருந்துக் கம்பெனியின் விஞ்ஞானி, நைஜீரியாக்காரர், குழந்தைகளின் காய்ச்சல் மருந்து ஒன்றைக் கண்டுபிடித்தவர். அவர் ஊரிலும் அயர்லாந்து சாமியார்கள்தான் பள்ளிக்கூடம் நடத்தினார்களாம். அவரைக் கண்டதும் சொந்த அண்ணன் தம்பி கிடைத்தது போல நீங்கள் குதித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வருஷத்துக்கு ஒரு நாள் ஐந்து பேருக்கும் உங்கள் வீட்டில் சாப்பாடு. அந்தத் திருநாள் எப்போதும் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில்தான் வரும், தவக்காலம் முழுக்க உங்கள் வீட்டில் கறி கிடையாது. அயர்லாந்து வம்சத்துக்காரர்கள் உப்பில் ஊறவைத்த மாட்டுக்கறியும் முட்டைக்கோசும் தின்று பீர் குடிக்கிற நாளில், நீங்கள் சீலா மீன் குழம்பை இறக்கி வைப்பீர்கள். ஒரு வருஷம் அது வெள்ளிக்கிழமையாகப் போய்விட்டது; தவக்காலத்து வெள்ளியில் அவர்களும் கறி தொடக் கூடாது. நீதிபதி பெரிய தட்டு நிறைய உப்புக்கறியோடு வந்து, இன்றைக்கு மட்டும் சாப்பிடலாம் என்று பிஷப்பே விலக்குக் கொடுத்துவிட்டார் என்று வாதாடினார். "உங்க பிஷப்பு உங்களுக்குக் குடுத்திருக்காரு. எங்கூரு பிஷப்பு எனக்கு ஒண்ணும் சொல்லலியே" என்று நீங்கள் சொன்னதை நான்தான் மொழிபெயர்த்தேன். தட்டு ஃப்ரிட்ஜுக்குப் போனது. கேப்டன் குழம்பைத் தின்றுவிட்டு முகம் சிவந்து வேர்த்து, முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு தீயை அணைத்ததில்லை என்று சொல்லி, மறுபடியும் சோறு கேட்டார்.

அதே சாப்பாட்டில்தான் கோச், இந்தியாவிலிருந்து வந்த ஒருவர் அயர்லாந்துக்காரர்களை விட அதிகமாக இதைக் கொண்டாடுகிறாரே என்று கேலி பண்ணினார். நீங்கள் விடவில்லை. பத்திரிசியாரே அயர்லாந்தில் பிறந்தவர் இல்லை, சின்ன வயதில் கடத்திக்கொண்டு போய் ஆடு மேய்க்க விட்டார்கள், தப்பித்துப் போனவர் அந்த ஜனங்களுக்காகவே திரும்பி வந்தார் என்று சொல்லிவிட்டு, "அவரும் வெளியூர்க்காரருதான், நம்மள மாதிரி" என்று என்னைப் பார்த்தீர்கள். கிரீன் கார்டுக்குக் காத்திருந்து அலுத்துப்போயிருந்த எனக்கு அந்த வார்த்தை எவ்வளவு ஆறுதல் என்று உங்களிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

போன வருஷம் கோடையில் உங்களுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அக்கா வேலைக்குப் போகும் நாட்களில் ஆஸ்பத்திரிக்கு நான் டிரைவ் பண்ணிக் கூட்டிப் போவேன். ஒருநாள் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள்.

"ஊர்ல நாலு பேரு தூக்குவாவ. இங்க ஆறு பேரு வேணுமாமே?"

"சும்மா இருங்கண்ணா. என்ன பேச்சு இது?"

"இல்லம்மா, கேளு. அடக்கம் பண்ணிக் குடுக்குத பியூனரல் ஹோம்ல துட்டுக் குடுத்தா பெட்டி தூக்க ஆள் அனுப்புவாவளாம். அது மட்டும் எனக்கு வேண்டாம். சம்பளத்துக்கு வந்தவன் தூக்கக் கூடாது. என்னத் தெரிஞ்சவங்க தூக்கணும். நீ பாத்துக்கிடுவியா?"

உங்களுக்கு ஒற்றை மகள், அதுவும் கலிஃபோர்னியாவில் படிக்கிறவள். அக்காவிடம் இதைச் சொல்ல உங்களுக்கு மனசு வரவில்லை என்பது புரிந்தது. சரிங்கண்ணா என்றேன். வாழ்க்கையில் நீங்கள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

நீங்கள் போனது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். நம் காம்ப்ளெக்ஸே காலி. லீவு போட்ட தமிழர்கள் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரரும் பிள்ளைகளோடு கோபியில். உங்கள் தம்பிக்கு விசா கிடைக்கவில்லை. எண்ணிப் பார்த்தால் தூக்க ஓர் ஆள் இல்லை. கேப்டனுக்குப் போன் பண்ணி, நீங்கள் காரில் கேட்டதை அப்படியே சொன்னேன். மற்ற பேட்ரிக்குகளிடம் தானே பேசுவதாகச் சொன்னார்.

ஐந்து பேரும் வந்தார்கள், அண்ணா. குளிர்காலத்துக்கு ஃப்ளோரிடா போயிருந்த நீதிபதி காலை ஃப்ளைட்டில் வந்து இறங்கி நேரே சர்ச்சுக்கு வந்தார். கோச் அன்றைய மேட்சை உதவியாளரிடம் விட்டுவிட்டு வந்தார். விஞ்ஞானி உங்கள் மகளைப் பிடித்துக்கொண்டு அவளை விட அதிகமாக அழுதார். ட்ரம்பெட்காரர் பலிபீடத்துக்குப் பக்கத்தில் நின்று வாசித்தபோது ஸ்டெல்லா அக்கா முதல் தடவையாக வாய்விட்டு அழுதார். ஊரிலே பெயர் வாங்கிய மனிதர்கள் ஐந்து பேர், எங்கள் கீழ்வீட்டு அண்ணனுக்காக வரிசையாக நிற்பதைப் பார்த்தபோது எனக்குத் துக்கத்தோடு ஒரு கர்வமும் வந்தது. உங்களை நினைத்துத்தான்.

கல்லறைத் தோட்டத்தில் பனி. வண்டியிலிருந்து குழி வரைக்கும் தூக்கிப் போக வேண்டும். பெட்டிக்கு ஆறு கைப்பிடி. ஓர் இடம் காலியாக இருப்பதைக் கவனித்த பியூனரல் ஹோம்காரர், தன் ஆட்களில் ஒருவரைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் முன்னால் போனேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. என் அப்பா போனபோது என்னை வீதி முனையிலேயே நிறுத்திவிட்டார்கள்; திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போ என்றார்கள், போனேன். அன்றைக்கு உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு நின்றபோது, இது தப்போ சரியோ என்று யோசிக்கவே தோன்றவில்லை. உங்களைத் தெரிந்தவர்கள் தூக்க வேண்டும். எனக்கு உங்களைத் தெரியும்.

கேப்டன் ஒவ்வொருவராகக் கைகாட்டி இடம் சொன்னார். பேட்ரிக், நீ முன்னால் இடப்பக்கம். பேட்ரிக், நீ அவனுக்கு எதிரே. பேட்ரிக், நீ பின்னால். பேட்ரிக், நீயும் பின்னால். பெயரைச் சொன்னதும் யாருக்குச் சொல்கிறார் என்று எல்லோரும் நிமிர்ந்து பார்த்ததில் அக்காவுக்குக்கூட லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் என்னிடம் வந்தார். என் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். என் முகத்தைப் பார்த்து, "பேட்ரிக், நீ நடுவில், எனக்கு எதிரே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. தூக்கினோம்.

நீங்கள் நான் நினைத்ததை விடக் கனமாக இருந்தீர்கள், அண்ணா. பனியில் கால் வழுக்கியது, கை மரத்துப்போனது, ஆனாலும் குழி வரைக்கும் விடவில்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ரயிலிலோ காபிக் கடையிலோ யாராவது பேட்ரிக் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன். முதலில் உங்களைத் தேடித்தான் திரும்புகிறேன் என்று நினைத்தேன். இல்லை. என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்புகிறேன்.